நதி அழித்த வரைபடம்

ஜேம்ஸ் ரென்னல் 1779இல் வெளியிட்ட வங்காள வரைபடத் தொகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்று ஒருவர் வங்கதேசத்துக்குப் பயணம் போனால், அவர் வழிதவறுவது உறுதி. அந்தப் படத்தில் பிரம்மபுத்திரா நதி மதுபூர் மேட்டு நிலத்தைக் கிழக்காகச் சுற்றிக்கொண்டு, மைமன்சிங் நகரை ஒட்டி இறங்கி, மேக்னாவில் கலக்கிறது. இன்றைய பெருநதியோ அந்த மேட்டு நிலத்துக்கு மேற்கே, ஜமுனா என்ற பெயரில், பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து ஓடுகிறது. படத்தில் டீஸ்டா நதி தெற்கு நோக்கி வந்து கங்கையைச் சேர்கிறது. இன்று அது பிரம்மபுத்திராவில் விழுகிறது. படத்தில் உள்ள தீவுகளில் சில தேய்ந்துவிட்டன. படத்தில் கடலாக உள்ள இடங்களில் இன்று மக்கள் நெல் விளைவிக்கிறார்கள்.

இவ்வளவு பொய்த்துப்போன ஒரு வரைபடத்தை ஆற்றியல் அறிஞர்களும் நிலவியலாளர்களும் இன்றும் ஏன் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்? பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்தக் கேள்விக்கான விடை நூலகத்தில் கிடைக்கவில்லை. நானே செய்த ஒரு பிழையின் வழியாகக் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன், அந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

பாம்பன் வழியாக வங்காளத்துக்கு

ரென்னல் 1742 டிசம்பரில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் சட்லீ என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். பீரங்கிப் படை அதிகாரியான தந்தை, மகன் சிறுவனாக இருக்கும்போதே போரில் இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டார். ஊர்ப் பாதிரியாரின் வீட்டில் வளர்ந்த சிறுவன், பதின்மூன்று வயதில், 1756இல் கடற்படையில் சேர்ந்தான். அந்தக் காலக் கடற்படையில் மேலே உயரத் திறமை மட்டும் போதாது. பரிந்துரைக்கச் செல்வாக்குள்ள உறவினர் வேண்டும். ரென்னலுக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால், போர்க்கப்பலில் இருந்தபடியே கடற்கரைகளையும் விரிகுடாக்களையும் அளந்து படம் வரையும் கலையை அவர் கற்றுக்கொண்டார்.

1760இல் அவருடைய கப்பல் இந்தியக் கடலுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட காலத்தில் அவர் அந்தப் படையில் இருந்தார். ஏழாண்டுப் போர் முடிந்ததும் கடற்படையில் இனி எதிர்காலம் இல்லை என்று கணக்கிட்டு, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு மாறினார். ஒரு சிறு கப்பலுக்குத் தலைமை ஏற்று, பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தார். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆழம் குறைந்த நம்முடைய இந்தக் கடல்தான், நிலையில்லாத நீரை அளப்பது எப்படி என்பதற்கு அவருக்குக் கிடைத்த முதல் பாடங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அங்கிருந்து அவர் கல்கத்தா சென்றபோது, ஆளுநர் வான்சிட்டார்ட் ஓர் அளவையாளரைத் தேடிக்கொண்டிருந்தார். 1764 ஏப்ரலில் பணி ஆணை கிடைத்தபோது ரென்னலுக்கு வயது இருபத்தொன்று.

வணிகர்கள் கேட்ட வழி

அவருக்கு இடப்பட்ட முதல் கட்டளையில் அறிவியல் ஆர்வம் எதுவும் இல்லை. கங்கையிலிருந்து கல்கத்தாவுக்கு, வறண்ட மாதங்களிலும் பெரிய படகுகள் வரக்கூடிய மிகக் குறுகிய நீர்வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தக் கட்டளையின் பொருள் உடனே புரியும். கங்கையிலிருந்து பிரிந்து கல்கத்தா பக்கம் வரும் பாகீரதி, ஜலங்கி, மாதாபங்கா ஆகிய கிளைகள் மழைக்காலத்தில் நிரம்பி ஓடும். மழை ஓய்ந்த சில மாதங்களில் மணல் மேடிட்டு, படகுகள் தரைதட்டும். அப்போது மேல்நாட்டிலிருந்து வரும் சரக்குப் படகுகள் கிழக்கே வெகுதூரம் சென்று, சுந்தரவனத்தின் உப்பங்கழிகளுக்குள் நுழைந்து, சுற்றி வளைத்துக் கல்கத்தாவை அடைய வேண்டும். அந்தச் சுற்றுவழி ஒவ்வொரு மூட்டையின் விலையிலும் ஏறியது. 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் திவானி உரிமையும் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன்பின் வழி மட்டும் போதவில்லை. எந்த ஊர் எங்கே இருக்கிறது, எந்த நிலம் விளைகிறது, எது வெள்ளத்தில் மூழ்குகிறது என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1767இல் கிளைவ் காலத்தில் ரென்னல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக உயர்த்தப்பட்டார்.

திசைகாட்டி, அளவுச் சங்கிலி, தொலைவை எண்ணும் சக்கரம், விண்மீன்களைப் பார்க்கும் கருவி ஆகியவற்றுடன் சில உதவியாளர்களும் படகோட்டிகளும் சிப்பாய்களும் சேர்ந்ததுதான் அவருடைய அலுவலகம். டாக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அவர் இந்த நீர்வழிகளில் அலைந்தார். காய்ச்சல் அவரை விட்டு நீங்கவே இல்லை. காட்டில் ஒருமுறை சிறுத்தை பாய்ந்து ஆட்களைக் குதறியபோது, அதன் வாய்க்குள் துப்பாக்கி முனைக் கத்தியைச் செலுத்தி அதைக் கொன்றார்.

1766 பிப்ரவரியில், பூட்டான் எல்லையை ஒட்டிய பகுதியில் ஆயுதம் தாங்கிய சந்நியாசிகளின் கூட்டத்துக்கும் கம்பெனிப் படைக்கும் நடந்த மோதலில் ரென்னல் வாள்வெட்டுகளுக்கு ஆளானார். தோள்பட்டை எலும்பு பிளந்தது. விலா எலும்புகளும் வெட்டுப்பட்டன. மருத்துவர் இருந்த டாக்கா அங்கிருந்து ஏறத்தாழ 300 மைல். கூரையில்லாத படகின் அடித்தளத்தில் அவரைக் கிடத்தி, உடன் வந்த உள்ளூர் ஆட்கள் வழியெல்லாம் காயங்களில் வெங்காயப் பற்று வைத்துக்கொண்டே கொண்டுசேர்த்தார்கள். அவர் பிழைத்தார். ஆனால் வலக்கையின் முழு வலிமை மீளவில்லை. பின்னாளில் உலகம் பாராட்டிய வரைபடங்கள், அந்தக் குறைபட்ட கையோடு முடிக்கப்பட்டவை. அந்தப் படகைச் செலுத்தியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

அளந்தவர் கண்ட நிலையாமை

வழி தேடிப் போனவர், வழியே நிலையாக இல்லை என்பதைக் கண்டார். இங்குதான் ரென்னல் ஒரு கம்பெனி ஊழியர் என்ற எல்லையைத் தாண்டுகிறார்.

கரை எப்படி உள்ளிருந்து அரிக்கப்பட்டுச் சரிகிறது, நதியின் ஒரு வளைவு ஆண்டுதோறும் எப்படி நகர்கிறது, அடித்து வரப்பட்டு நடுவில் சிக்கிய ஒரு பெரிய மரமோ மூழ்கிய படகோ எப்படி மணலைச் சேர்த்துத் தீவாகிறது, அந்தத் தீவில் எப்படிப் புல் முளைத்துப் பிறகு பயிரும் குடிசையும் வருகின்றன என்பதையெல்லாம் அவர் கவனித்து எழுதினார். வெள்ளக் காலத்தில் ஜலங்கி பக்கம் நீர்மட்டம் 30 அடிக்கு மேல் உயர்வதையும், கடலை நெருங்க நெருங்க அந்த உயர்வு குறைந்துகொண்டே போவதையும் குறித்தார். கங்கையில் ஒரு விநாடிக்கு ஓடும் நீரின் அளவை வறண்ட காலத்தில் 80,000 கன அடி என்றும், வெள்ளத்தில் 4,05,000 கன அடி என்றும் கணக்கிட்டார். இன்றைய அளவீடுகளோடு ஒப்பிட்டால் அவருடைய வெள்ளக் கணக்கு மிகவும் குறைவு. ஆனால், அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு ஒரு பெருநதியைக் கணக்கிட முடியும், கணக்கிட்டதை அடுத்த தலைமுறை சரிபார்க்க முடியும் என்பதற்கு அது தொடக்கமாக அமைந்தது. நவீன நிலவியலின் முன்னோடியான சார்லஸ் லையல், கங்கை கடலில் கொண்டு கொட்டும் வண்டலைப் பற்றி எழுதும்போது ரென்னலின் எண்களைத்தான் எடுத்துக்கொண்டார்.

இந்த அவதானிப்புகளைத் தொகுத்து, கங்கையையும் பிரம்மபுத்திராவையும் பற்றி ரென்னல் எழுதிய கட்டுரை 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியானது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1777இல், கெட்டுப்போன உடல்நலத்தோடு அவர் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். 1791இல் அந்தச் சங்கத்தின் உயரிய கோப்லி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

நதி திரும்பிய ஆண்டு

ரென்னல் நாடு திரும்பிப் பத்து ஆண்டுகளில், 1787இல், டீஸ்டாவில் பெருவெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்தில் டீஸ்டா தன் பழைய தெற்குப் பாதையைக் கைவிட்டுக் கிழக்கே திரும்பி பிரம்மபுத்திராவில் இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில், ரென்னலின் காலத்தில் ஒரு சிறு ஆறாக மட்டுமே இருந்த ஜெனாய் என்ற தடத்தின் வழியே பிரம்மபுத்திராவின் பெருக்கு மெல்ல மெல்ல மேற்கே திரும்பியது. 1830 வாக்கில் மாற்றம் ஏறத்தாழ முழுமையடைந்துவிட்டது. ரென்னல் 1830 மார்ச்சில் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது, அவர் காயத்தோடு படகில் கடந்த நீர்நாட்டின் முதுகெலும்பே இடம் மாறியிருந்தது.

கங்கையும் சும்மா இருக்கவில்லை. பத்மா என்று அங்கே அழைக்கப்படும் அதன் பெருங்கிளை, தன் பழைய தென்மேற்குத் தடத்திலிருந்து விலகி மேக்னாவை நோக்கிப் புதிய வழி வெட்டியது. அந்த வழியில் இருந்த ராஜ்நகரின் மாளிகைகளையும் கோயில்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழுங்கியது. மனிதரின் புகழையெல்லாம் அழித்ததால் அந்தத் தடத்துக்கு மக்கள் கீர்த்திநாசா என்று பெயரிட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபின் ரென்னலின் படத்தைப் பழைய தாளென்று தூக்கி எறிந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஜேம்ஸ் பெர்குசன் என்பவர், பின்னாளில் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர், இளமையில் வங்காளத்தில் அவுரி வணிகம் செய்தவர். 1863இல் கங்கைக் கழிமுகத்தின் அண்மைக்கால மாற்றங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் ரென்னலின் படத்தையும் தன் காலத்து நிலத்தையும் அருகருகே வைத்து, எந்த நதி எங்கிருந்து எங்கே போனது, ஏன் போனது என்று கேட்டார். கழிமுகத்தை ஒரு பொருளாகப் பார்க்காமல், காலத்தில் நடந்துகொண்டே இருக்கும் ஒரு நிகழ்வாகப் பார்க்கும் பார்வை அங்கே உருப்பெற்றது. அந்தப் பார்வைக்கு இரண்டு காலங்களின் அளவுகள் தேவை. முதல் காலத்தை ரென்னல் கொடுத்திருந்தார்.

இன்று அதே வேலையைச் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு செய்கிறார்கள். 1972 முதல் கிடைக்கும் லாண்ட்சாட் படங்களின் மேல் பழைய வரைபடத்தைப் பொருத்துகிறார்கள். இடம்பெயராத கோயில், பள்ளிவாசல், கோட்டை, மேட்டு நிலத்தின் விளிம்பு ஆகியவற்றை நிலைப்புள்ளிகளாகக் கொண்டு பழைய படத்தின் பிழைகளைத் திருத்துகிறார்கள். ரென்னலின் காலத்தில் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிப்பது எளிதன்று. ஆகவே பிழைகள் உண்டு. அவற்றைக் கழித்த பிறகு தெரியும் சித்திரம் தெளிவானது. கிழக்கே மேக்னாவின் முகத்துவாரத்தில் நிலம் வளர்ந்திருக்கிறது. மேற்கே, நதிகள் கைவிட்ட சுந்தரவனத்தின் கடல்முகம் தேய்ந்திருக்கிறது. ஹாதியா தீவு வடக்கே கரைந்து தெற்கே வளர்கிறது. சந்த்வீப் நெடுங்காலமாக அரிபட்டு வருகிறது. 1950 அசாம் நிலநடுக்கத்தில் சரிந்த மலைமண், பல ஆண்டுகள் நதியில் பயணம் செய்து கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இமயத்தில் நிகழ்ந்த அதிர்ச்சிக்கும் கடலோரத்தில் பிறந்த திட்டுக்கும் இடையிலுள்ள உறவு, நீண்ட காலப் பதிவு இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெற்றிடம் என்று எழுதியவை

ரென்னலைப் போற்றிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. அவருடைய படம் எதைக் காட்டவில்லை என்பதையும் ஒரு பொருளாதார ஆசிரியன் சொல்ல வேண்டும்.

அவர் வங்காளத்தில் இருந்த காலத்தில்தான் 1770இன் பெரும் பஞ்சம் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததாகப் பின்னர் கம்பெனியின் ஆளுநரே கணித்தார். வரி வசூலுக்கு உதவிய அந்த வரைபடத்தில் ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பது இல்லை. அது வரைபடத்தின் வேலையில்லை என்று சொல்லலாம். ஆனால், எதை அளப்பது என்பதை அளவுக்குப் பணம் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. கழிமுகத்தின் தென்பகுதியில் ஒரு பரந்த இடத்தில், அரக்கானிலிருந்து வந்த மகர்களின் கொள்ளையால் இந்த நிலம் ஆளற்றுப் போனது என்ற பொருளில் ரென்னல் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அடிமைகளைப் பிடித்துச் சென்ற அந்தக் கொள்ளை உண்மை. நதிகள் விலகியதும், உப்பு ஏறியதும், புயல்களும் அந்த வெறுமைக்குக் காரணங்களாக இருந்திருக்கலாம். எப்படியோ, அடுத்து வந்த நிர்வாகிகளுக்கு அந்த வெற்றிடம் பயனற்ற தரிசாகத் தெரிந்தது. 1828இல் சுந்தரவனம் அரசின் சொத்து என்று சட்டம் செய்யப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டாம்பியர், ஹாட்ஜஸ் என்ற இரு அதிகாரிகள் காட்டின் வடக்கு எல்லையைக் கோடாக வரைந்தார்கள். காட்டை வெட்டி விளைநிலமாக்கக் குத்தகைகள் கொடுக்கப்பட்டன. இந்தியப் பகுதியில் சுந்தரவனத்தின் எல்லை எது என்ற கேள்விக்கு அந்தக் கோடுதான் இன்றும் விடை. ஏறி இறங்கும் ஓதத்தையும், நண்டையும் தேனையும் மீனையும் நம்பி வந்துபோகும் மனிதர்களையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் குறிக்க முடியாது. குறிக்க முடியாதது இல்லாததாகிவிட்டது.

ஒரு கோடும் ஒரு தீவும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 1970 நவம்பரில் வீசிய பெரும்புயலுக்குப் பிறகு, இந்திய-வங்கதேச எல்லையான ஹரியாபங்கா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு சிறு மணல் தீவு எழுந்தது. இந்தியா அதை நியூமூர் என்றும் பூர்வாஷா என்றும் அழைத்தது. வங்கதேசம் தெற்கு தால்பட்டி என்றது. இரு நாடுகளும் பல ஆண்டுகள் உரிமை கொண்டாடின. 2010 வாக்கில் அந்தத் தீவே நீருக்குள் போய்விட்டது. 2014இல் தி ஹேக் நகரின் நடுவர் மன்றம் கடல் எல்லையைத் தீர்மானித்தபோது, சண்டைக்குக் காரணமான நிலம் அங்கே இல்லை. கழிமுகத்தின் ஒரு நாள் தோற்றத்தை அதன் நிரந்தர உருவம் என்று எண்ணியதன் விளைவு அது.

என் கையெழுத்து

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பணியில் இருந்த காலத்தில், நம் கடற்கரையில் உள்ள ஒரு முகத்துவாரத்தின் பொருளாதார மதிப்பைக் கணக்கிடும் குழு ஒன்றில் நான் இருந்தேன். எங்களுக்கு ஒரு வரைபடம் தரப்பட்டது. அதில் நீர்ப்பரப்பு ஒரு நிறத்தில், அலையாத்திக் காடு ஒரு நிறத்தில், எஞ்சிய பெரும்பகுதி வெறும் நிலமாக இருந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மீனின் மதிப்பையும் காட்டின் மதிப்பையும் கணக்கிட்டோம். வெறும் நிலத்துக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று எழுதினோம். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் கிடையாது. நானும் கையெழுத்திட்டேன்.

அறிக்கை போன பிறகு ஒரு நாள், அந்த ஊரின் வயதான மீனவர் ஒருவர் எங்கள் படத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் சூத்திரங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. இந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்தபோது, அது கோடையில் எடுக்கப்பட்ட படத்தை வைத்து வரைந்தது என்று தெரிந்தது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, உள்நீர் வற்றிக் கிடக்கும். நாங்கள் வெறும் நிலம் என்று எழுதிய இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு நீர் நிற்கும் என்றும், இறால் குஞ்சுகள் வளர்வது அங்கேதான் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். தன் தகப்பனார் காலத்தில் அந்த நீர் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் கையை நீட்டிக் காட்டினார். நான் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று எழுதினேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. நாங்கள் மதிப்பில்லை என்று சொன்ன நிலத்தில் மண் கொட்டியாகிவிட்டது.

அதன் பிறகுதான் நான் ரென்னலைப் படிக்கத் தொடங்கினேன். அவர் ஆற்றில் நடத்திய அளவைகளின் நாட்குறிப்புகள், 1764 முதல் 1767 வரையிலானவை, 1910இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தால் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் புரட்டியபோது என்னை நிறுத்தியது ஒரு மிக எளிய விஷயம். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி இருந்தது. எந்த நாளில், எந்த இடத்தில், எதைக் கண்டார் என்பது எழுதப்பட்டிருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அந்தக் குறிப்பை எடுத்து, அது மழைக்கு முன்பா பின்பா என்று கேட்டால், அதற்கு விடை சொல்ல முடியும். பட்டம் பெற்ற பலர் கூடித் தயாரித்த எங்கள் அறிக்கையால் அது முடியவில்லை.

வரைபடம் நிலத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு என்று நாங்கள் நினைத்தோம். ரென்னலுக்கு அது ஒரு நாளின் சாட்சியம். சாட்சியம் பழையதாவதால் மதிப்பிழப்பதில்லை. சாட்சி எப்போது, எங்கே நின்று பார்த்தார் என்று சொல்லாவிட்டால்தான் மதிப்பிழக்கிறது. அவருடைய படம் நதியின் இன்றைய போக்கைப் பொறுத்தவரை பொய்த்துப்போனது. நதி எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்வதற்கு அதுவே ஆதாரமாக நின்றது.

முதுமையிலும் அளவு

இந்தியாவை விட்டுச் சென்ற பின் ரென்னல் லண்டனில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இந்துஸ்தானத்தின் வரைபடத்தையும் அதற்கு ஒரு விரிவான விளக்க நூலையும் வெளியிட்டார். அந்த விளக்கநூலில் எந்தத் தகவல் யாரிடமிருந்து வந்தது, எது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சொன்னார். முதுமையில் அட்லாண்டிக் கடலின் நீரோட்டங்களைத் தொகுக்கும் வேலையில் இறங்கினார். பல கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, தேதிவாரியாக ஒப்பிட்டு, காற்றும் நீரும் கப்பலை எந்தப் பக்கம் தள்ளின என்று கணக்கிட்டார். அதை முடித்து அச்சில் காண அவர் உயிரோடு இல்லை. அவர் மறைந்த பிறகு, 1832இல் மகள் ஜேன் அதை வெளியிட்டார்.

ரென்னலுக்கு இருந்த அரசியல் நோக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் நம்முடைய கழிமுகங்களை நாமே ஆளும் இந்தக் காலத்தில், அவரளவுக்காவது நாம் கவனமாக இருக்க வேண்டாமா? கடலோரத் திட்டம் எதற்கும் வரைபடம் இணைக்கப்படும்போது, அது எந்த ஆண்டு, எந்த மாதம், ஓதம் ஏறிய வேளையா இறங்கிய வேளையா என்பதை அதன் மேலேயே அச்சிட வேண்டும் என்று விதி செய்யலாம். மழைக்காலப் படம் ஒன்றும் கோடைக்காலப் படம் ஒன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்று கேட்கலாம். ஆவணக் காப்பகங்களில் உள்ள பழைய நில அளவைத் தாள்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்கலாம். கடலோரக் கல்லூரிகளின் மாணவர்கள், தங்களூர் முகத்துவாரம் எந்த நாளில் அடைபட்டது, எந்த நாளில் திறந்தது என்பதை ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். முதியவர்களின் நினைவையும் அதே பதிவேட்டில், பெயரும் தேதியும் இட்டு எழுதலாம். இவை எதற்கும் பெரும் செலவில்லை.

அந்தக் குழுவின் வரைபட நகல் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் ஓரத்தில், பல ஆண்டுகள் தாமதமாக, அது எடுக்கப்பட்ட மாதத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல் முதல் நாளே அதில் இருந்திருந்தால், என் கையெழுத்து அதன் கீழே விழுந்திருக்காது.